மாப்பு எழுதி வாங்கியாச்சாம் – கடிதமும் பதிலும்

அண்ணாவுக்கு வணக்கமுங்க,

நாங்க கேரளத்துல பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம், தமிழ் பேசற குடும்பம். பையன் இந்த வருஷந்தான் தெக்கால ஒரு காலேஜ்ல சேந்து ஹாஸ்டல்ல இருக்கான். தமிழ்ப் பையன்னு கேலியா பாண்டின்னு கூப்டு ராத்திரி ரூமுக்கு வரச்சொல்லி நிக்க வச்சு பாட்டு பாடச் சொல்றது, சனிக்கிழமை ஆனா ஜிபேல காசு போடச் சொல்றதுன்னு ரெண்டு மாசமா நடந்திருக்கு, எங்ககிட்ட மூச்சு விடல. போன வாரம் சீனியர் அறைஞ்சதுல ஒரு காது மந்தமா இருக்குன்னு லீவுக்கு வந்தப்பதான் தெரிஞ்சுது. வார்டனுக்கு போன் பண்ணா பசங்க வெளையாட்டு, அடிச்சவன்கிட்ட மாப்பு (மன்னிப்பு) எழுதி வாங்கிட்டோம், நேர்ல வாங்க பேசி முடிச்சுக்கலாம்ங்கறார். வீட்டுக்காரர் டீசி வாங்கிட்டு கோயமுத்தூர்ல சேத்துடலாம்ங்கறார். பையன் யார்கிட்டயும் சொல்லாதம்மான்னு அழுகறான். என்ன பண்றதுங்கண்ணா?

பேர் போட வேண்டாம்

தங்கச்சி,

மொதல்ல காது. சித்தூர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்கே போங்க, பாத்ரூம்ல வழுக்கி விழுந்தான்னு கதை கட்டாம சீனியர் அடிச்சதுன்னே டாக்டர்கிட்ட சொல்லுங்க, அடிதடின்னா அவங்க கேஸா பதிவு பண்ணுவாங்க, பின்னாடி அந்தச் சீட்டுதான் பேசும். ஜிபே ஹிஸ்டரிய தேதி நேரத்தோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்க போனுக்கு மாத்திக்கோங்க. ஹாஸ்டல் வாட்ஸாப் குரூப்ல இருந்து அவசரப்பட்டு வெளிய வந்துறாம இருக்கட்டும்.

இனி அந்த "பேசி முடிச்சுக்கலாம்". போகவே போகாதீங்க. 2024 பிப்ரவரில வயநாடு பூக்கோடு கால்நடைக் காலேஜ்ல ஒரு பையன் செத்துப்போனானே, ஊருக்குக் கெளம்பிப் பாதி வழி போயிட்டவன ஹாஸ்டல்லயே பேசித் தீத்துக்கலாம்னு திரும்ப வரவச்சுதான் மணிக்கணக்கா அடிச்சாங்கன்னு போலீஸ் சொல்லுச்சு. அத்தனை பசங்க இருந்த ஹாஸ்டல், ஒருத்தன் வெளிய சொல்லல. உங்க பையன் விஷயம் அந்த அளவுக்கு போகும்னு பயமுறுத்தல, ஆனா ஹாஸ்டலுக்குள்ளயே பஞ்சாயத்து பண்ணி மூடற பழக்கந்தான் எல்லாத்துக்கும் தைரியம் குடுக்குது.

மாப்பு எழுதி வாங்கி முடிக்கறதுக்கு வார்டனுக்கு அதிகாரமே கிடையாதுங்க. கேரளத்துல 1998லயே ராகிங் தடைச் சட்டம் வந்தாச்சு. அதுல பையன்தான் புகார் குடுக்கணும்னு இல்ல, அப்பா அம்மா எழுத்துல குடுத்தா போதும், அதனால அவன் சம்மதிக்கட்டும்னு நீங்க காத்திருக்க வேண்டியதில்ல. மனு கைக்கு வந்தா பிரின்சிபால் ஏழு நாளைக்குள்ள விசாரிக்கணும், உண்மைன்னு பட்டா அடிச்சவன சஸ்பெண்ட் பண்ணிட்டு மனுவ போலீசுக்கு அனுப்பணும், ஒண்ணும் இல்லைன்னா அதையும் உங்களுக்கு எழுத்துல சொல்லணும். எதுவும் செய்யாம உக்காந்திருந்தா குத்தத்துக்கு அவரே தொணை போனதா சட்டம் எடுத்துக்கும். தப்பு பண்ணவனுக்கு ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். நிறைய பிரின்சிபால்களுக்கு இது நல்லாவே தெரியும், தெரிஞ்சுதான் வாய்வார்த்தையாவே வச்சுக்கப் பாக்கறாங்கன்னு எனக்குத் தோணும். அதனால மனுவ எழுத்துலயே குடுங்க, நகல்ல சீல் போட்டு வாங்குங்க, மாட்டேன்னா ஸ்பீட் போஸ்ட்ல ரெஜிஸ்ட்ரேஷனும் டெலிவரி ஆனதுக்கு அத்தாட்சியும் கேட்டு அனுப்புங்க. காலேஜுகளுக்கு மேல இருக்கற பல்கலைக்கழக மானியக் குழு, அதான் யூஜிசி, வச்சிருக்கற 1800-180-5522 நம்பருக்கும் ஒரு போன், ராத்திரி எந்நேரமானாலும் எடுப்பாங்க.

ஒண்ணு கவனிச்சீங்களா, அட்மிஷன் அப்ப நீங்களும் பையனும் ராகிங் பண்ண மாட்டேன்னு உறுதிமொழி குடுத்திருப்பீங்க. 2009 யூஜிசி விதி அது. அந்த சீனியர் பசங்களும் அவங்கள பெத்தவங்களும் அதே மாதிரி கையெழுத்து போட்டுத்தான் உள்ள வந்திருக்காங்க, மனுவுல இத ஒரு வரி சேருங்க.

வீட்டுக்காரர் சொல்றதுல தப்பில்ல, பையனுக்கு அங்க இருக்கவே முடியலைன்னா கூட்டிட்டு வந்துருங்க. ஆனா மனு குடுத்துட்டு அப்புறமா டீசி, வெறுங்கையோட வந்தா அவன் கட்டில்ல அடுத்த வருஷம் வேற ஒரு பையன் படுப்பான் அவ்வளவுதான். கோயமுத்தூர்ல மட்டும் என்ன வாழுது, 1996ல அண்ணாமலை யுனிவர்சிட்டில ஒரு மெடிக்கல் ஸ்டூடண்ட்ட சீனியரே கொன்னதுக்கப்புறந்தான் தமிழ்நாட்டுல 1997ல சட்டம் வந்துச்சு.

பையன்கிட்ட நீ ஏன்டா திருப்பி அடிக்கலைன்னு அவங்கப்பா கேக்காம பாத்துக்கோங்க, நம்ம பக்கத்து ஆம்பளைங்க அதைத்தான் மொதல்ல கேப்பாங்க. அதுக்குப் பதிலா வேற யார்கிட்டயெல்லாம் காசு வாங்கினாங்கன்னு கேளுங்க. கோட்டயம் கவர்மெண்ட் நர்சிங் காலேஜ்ல ஜூனியர்கள்ட்ட குடிக்கக் காசு புடுங்கி சித்ரவதை பண்ணது மாசக்கணக்கா வெளிய வரல, 2025 பிப்ரவரில ஜூனியர் பசங்க சேந்து புகார் குடுத்தப்பறந்தான் அஞ்சு பேர கைது பண்ணாங்க. ரூம்மேட் வீட்டுக்கும் நீங்களே ஒரு போன் போட்டுப் பேசுங்க, அந்த அம்மாவுக்கும் ஒண்ணும் தெரியாமத்தான் இருக்கும்.

போலீசுக்கு அவ்வளவு தூரம் போகணுமேன்னு மலைக்காதீங்க. 2024 ஜூலைல வந்த புதுச் சட்டப்படி எந்த ஸ்டேஷன்லயும் புகார் எடுத்தாகணும், கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷன்லயே குடுக்கலாம், அங்க இருந்து அந்த ஊருக்கு அவங்க மாத்திவிடுவாங்க. எங்க எல்லை இல்லைன்னு சொன்னா எல்லை பாக்காம பதியற ஜீரோ எஃப்ஐஆர் போடுங்கன்னு கேளுங்க. காலேஜுக்குக் குடுக்கற மனு மட்டும் மலையாளத்துல இருந்தா நல்லது, தமிழ்ல எழுதி அனுப்புங்க, மாத்தித் தர்றேன்.