முர்ரா எருமை இனப் பொலிகிடாக்களை வரிசைப்படுத்த எந்த மதிப்பீட்டு முறையை நம்பலாம்?

மகள்களின் சராசரி, சமகால ஒப்பீடு, மீச்சிறு வர்க்க முறை, பிளப் (BLUP என்னும் புள்ளியியல் கணிப்பு முறை) ஆகிய நான்கில் எது என்று கேட்டிருக்கிறீர்கள். பிளப்தான். அதிலும் ஒவ்வொரு எருமையையும் அதன் உறவுகளோடு சேர்த்து மதிப்பிடும் அனிமல் மாடல்.

மகள்களின் சராசரி என்று, முதல் ஈற்றில் 305 நாள் கறந்த பாலைக் கூட்டி வகுத்தால், அதில் கிடாவின் தரத்தோடு தீவனமும் பருவமும் கலந்தே வரும். ஹரியானாவில் பர்சீம் என்னும் பசுந்தீவனம் தாராளமாகக் கிடைக்கும் குளிர்காலத்தில் நல்ல கறவையில் இருந்த எருமையும், மே, ஜூன் வெயிலில் இருந்த எருமையும் ஒன்றாகிவிடாது. அதே பண்ணையில் அதே பருவத்தில் ஈன்ற பிற கிடாக்களின் மகள்களோடு ஒப்பிட்டால், அதாவது சமகால ஒப்பீடு செய்தால், இந்தக் கோளாறு குறையும். ஆனால் சிறு பண்ணையில் ஒரு பருவத்துக்கு நாலைந்து ஈற்றுதான் இருக்கும். அவை எல்லாம் உயர்ந்த கிடாவின் மகள்களாக இருந்துவிட்டால், உங்கள் கிடா காரணமில்லாமல் கீழே போகும். மீச்சிறு வர்க்க முறை பண்ணை, ஆண்டு, பருவம் மூன்றையும் சேர்த்தே திருத்தும். ஆனால் 5 மகள்கள் உள்ள கிடாவையும் 50 மகள்கள் உள்ள கிடாவையும் ஒரே அளவு நம்பும்.

இதைச் சரிசெய்வதுதான் பிளப். பாலளவின் பாரம்பரியத் திறன், அதாவது எருமைகளுக்கிடையே உள்ள பால் வேறுபாட்டில் மரபால் வரும் பங்கு, 0.25 என்று வையுங்கள். அப்போது மகள்களின் எண்ணிக்கையை, அதோடு 15 (இந்த 0.25-க்கு உரிய எண்) கூட்டிய எண்ணால் வகுத்தால் நம்பகத்தன்மை கிடைக்கும். 5 மகள்கள் சராசரியாக 300 கிலோ கூடுதலாகக் கறந்தால் 5/20, அதாவது 75 கிலோதான் கிடாவின் கணக்கில் சேரும். இன்னொரு கிடாவுக்கு 30 மகள்கள், 150 கிலோ கூடுதல் என்றால் 30/45, அதாவது 100 கிலோ. வரிசை தலைகீழாகிறது!

பண்ணையின் சிறந்த கறவைகளுக்கெல்லாம் ஒரே கிடாவின் சினை ஊசியைப் போட்டிருந்தால், தாயின் பெருமையும் அந்தக் கிடாவுக்கே போய்ச் சேரும். அனிமல் மாடல் தாய்வழி உறவையும் கணக்கில் எடுத்து அதைப் பிரிக்கும். பதிவேட்டில் தாயின் காதுவில்லை எண் தவறாக இருந்தால் அந்தப் பலன் போய்விடும்.

எல்லா முறையும் ஏறக்குறைய ஒரே வரிசையைத்தான் தரும் என்று சிலர் சொல்வார்கள். ஒவ்வொரு கிடாவுக்கும் மகள்கள் நிறைய, பல பண்ணைகளில் பரவி இருந்தால் அது சரி. ஒரு பண்ணைக்கு ஒரே கிடா என்று ஓட்டியிருந்தால், பிளப்பாலும் பண்ணையையும் கிடாவையும் பிரிக்க முடியாது. ஒன்றிரண்டு பொதுக் கிடாக்களின் உறைவிந்தை எல்லாப் பண்ணைகளிலும் போட்டே ஆகவேண்டும்.

அளக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கன்று ஊட்டித்தான் பால் சுரக்க விடுகிறோம். கன்று குடித்த பால் அளவில் சேராது. ஒரு வீட்டில் ஒரு காம்பை விட்டும், இன்னொரு வீட்டில் நாலையும் கறந்தும் எழுதினால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது. மாதம் ஒருநாள், காலையும் மாலையும், எல்லா இடத்திலும் ஒரே முறையில் அளக்கவேண்டும்.

மகள் ஈன்று கறவை முடிய, கிடாவுக்கு 8 வயது தாண்டிவிடும். அதனால் சோதனைக்கு எடுக்கும்போதே போதுமான உறைவிந்துக் குச்சிகளைத் திரவ நைட்ரஜனில் சேமித்துவிடுங்கள். முடிவு வரும் நாளில் கிடா உயிரோடு இல்லாமலும் போகலாம்.