413 அனுப்பியாச்சு, ஆனால் போய்ச் சேரவில்லை

கேள்வி: உட்லண்ட்ஸில் சின்னதாக ஒரு டியூஷன் நிலையம் நடத்துகிறேன். பிள்ளைகள் செய்த பயிற்சித்தாளைப் பெற்றோர் கைப்பேசியில் படமெடுத்து எங்கள் தளத்தில் ஏற்றுவார்கள். சர்வர் நிரல், பாலிடெக்னிக்கில் படிக்கும் என் மகன் பைத்தானில் எழுதியது. படம் 5 எம்பியைத் தாண்டினால் "கோப்பு பெரிது, சிறிதாக்கி அனுப்புங்கள்" என்று 413 என்ற பிழை எண்ணோடு பதில் போகவேண்டும். வீட்டில் கர்ல் (கட்டளை எழுதித் தளத்துக்குக் கோப்பு அனுப்பும் கருவி) வைத்துச் சோதித்தால் ஒழுங்காக வருகிறது. பெற்றோருக்கோ "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று வருகிறது. ஒரு சிலருக்கு மட்டும் சரியான செய்தி வருகிறது. சர்வரின் பதிவேட்டில் எல்லாருக்கும் 413 அனுப்பியதாகவே இருக்கிறது. எம்ஆர்டி ரயிலில் சிக்னல் போவதால் இப்படியா? இன்னொன்று, சர்வரை மறுபடி தொடங்கும்போது பாதியில் நிற்கும் படங்களுக்கு என்ன செய்வது?

பதில்: எம்ஆர்டி மேல் பழி போடாதீர்கள். மகனையும் ரொம்பத் திட்டவேண்டாம். அனுபவசாலிகளே சறுக்கும் இடம் இது. பதிவேடும் பொய் சொல்லவில்லை. "அனுப்பினேன்" என்று நிரல் எழுதினால், பதிலைக் கெர்னலிடம் (இயங்குதளத்தின் மையப்பகுதி) ஒப்படைத்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். அது அந்த அம்மாவின் போனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது நிரலுக்குத் தெரியாது.

நாம் போனை எப்படி வைக்கிறோம் என்று பாருங்கள். பேச வேண்டியதைப் பேசியாச்சு, "சரி, வச்சிடட்டுமா?" என்போம். உடனே வைத்துவிடுவோமா? அந்தப் பக்கம் "ஆங், ஒரு நிமிஷம், வரும்போது தேக்காவில் கறிவேப்பிலை வாங்கிட்டு வா" என்று ஒரு வாக்கியம் வரும். அதையும் கேட்டு, அவர்களும் "சரி, வை" என்ற பிறகுதான் வைப்போம். டிசிபியில் (இணையத்தில் இரு கணினிகள் தரவு பரிமாறும் முறை) ஃபின் என்னும் பாக்கெட் இந்த "வச்சிடட்டுமா". நான் சொல்வதைச் சொல்லிவிட்டேன், நீங்கள் சொல்வதை இன்னும் கேட்பேன் என்று அர்த்தம். ரீசெட் என்பது பேச்சுவாக்கில் பட்டென்று கட் பண்ணுவது.

உங்கள் மகனின் நிரல் ஃபின் அனுப்புவதாக நினைத்துக்கொண்டு ரீசெட் அனுப்புகிறது. ஹெடரை (கோப்பின் அளவு முதலிய விவரம் உள்ள முன்பகுதி) படிக்கிறது, 8 எம்பி என்று தெரிந்ததும் 413 எழுதுகிறது, உடனே இணைப்பை மூடும் குளோஸ் கட்டளையை அழைக்கிறது. அதே நேரத்தில் போன் படத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. வந்து குவிந்ததில் நிரல் படிக்காத தரவு சர்வரின் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடம்) கிடக்கிறது. படிக்காத தரவு இருக்கும்போது சாக்கெட்டை (இணைப்பின் நம் பக்க முனை) மூடினால், கெர்னல் ஃபினுக்குப் பதில் ரீசெட்டை அனுப்பும். 1989 அக்டோபரில் வந்த ஆர்எஃப்சி 1122 என்ற இணைய விதிமுறை ஆவணம் இப்படித்தான் நடந்துகொள்ளச் சொல்கிறது. காரணமும் நியாயமானதே: அனுப்பியவரின் தரவு தொலைந்துவிட்டது, அது அவருக்குத் தெரியவேண்டும்.

போனின் பக்கம் என்ன ஆகிறது? 413 பதில் போய்ச் சேர்ந்து, பிரவுசர் இன்னும் படிக்காமல் பஃபரில் இருக்கலாம். பின்னாலேயே ரீசெட் வருகிறது. சில இயங்குதளங்கள் அப்போது அந்தப் பஃபரையே துடைத்துவிடும். துடைக்காதவற்றிலும், படத்தின் அடுத்த துண்டை எழுதப்போகும் இடத்திலேயே பிழை வருவதால், பிரவுசர் பதிலைப் பார்க்காமலே கைவிட வாய்ப்பு உண்டு. ரீசெட் வருவதற்குள் பதிலைப் படித்துவிட்டவர்களுக்கு மட்டும் உங்கள் செய்தி தெரிகிறது. அந்த "ஒரு சிலர்" இவர்கள்தான்.

அப்படியென்றால் கர்லில் ஏன் வேலை செய்தது? எனக்குப் பிடித்த பகுதி இது. கர்ல் பெரிய கோப்பை அனுப்பும்முன், "100 தொடரலாம் என்று சொல்வாயா?" என்ற பொருளில் எக்ஸ்பெக்ட் என்றொரு ஹெடரை அனுப்பிவிட்டு, சுமார் ஒரு வினாடி காத்திருக்கும். அதற்குள் உங்கள் சர்வர் 413 என்று சொல்லிவிட்டது. படத்தில் ஒரு பைட் கூட வரவில்லை, படிக்காத தரவு இல்லை, அதனால் குளோஸ் ஒழுங்கான ஃபினாகப் போனது. பிரவுசர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. கர்லில் அந்த ஹெடரை வெறுமையாக்கிச் சோதியுங்கள், பெற்றோர் பார்ப்பதை நீங்களும் பார்க்க வாய்ப்பு அதிகம்.

சரி, தீர்வு. 413 பதிலில் கனெக்‌ஷன் குளோஸ் என்ற ஹெடரைச் சேர்த்து முழுதாக எழுதுங்கள். பிறகு குளோஸ் வேண்டாம். ஷட்டவுன் அழைத்து எழுதும் திசையை மட்டும் மூடுங்கள். "வச்சிடட்டுமா" சொல்லியாச்சு. இனி வருவதை எல்லாம் படித்துக் குப்பையில் போட்டுக்கொண்டே இருங்கள். படிக்கும்போது பூஜ்யம் பைட் வந்தால் அந்தப் பக்கமும் முடித்துவிட்டது என்று பொருள். அப்போது குளோஸ். எச்டிடிபி 1.1-க்கான ஆர்எஃப்சி 9112-ம் இதே வரிசையைத்தான் சொல்கிறது. அப்பாச்சி என்ற வலைச் சர்வர் மென்பொருள் இதை 1990களிலேயே சேர்த்துவிட்டது; பெயர் லிங்கரிங் குளோஸ்.

எவ்வளவு நேரம் படிப்பது? வேண்டுமென்றே சொட்டுச் சொட்டாக அனுப்பி உங்கள் சர்வரைக் கட்டிப்போடுகிறவர்களும் உண்டு, அதனால் எல்லை வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வலைச் சர்வர் மென்பொருள் அடுத்த தரவுக்கு 5 வினாடி பார்க்கும், மொத்தம் 30 வினாடியில் விட்டுவிடும். அப்பாச்சியில் 2 வினாடி, மொத்தம் 30. இதில் ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் மொத்த நேரத்துக்கு எல்லை வைக்க மறந்துவிடுவார்கள். வினாடிக்கு ஒரு பைட் அனுப்புகிறவனுக்கு அது திருவிழா.

எஸ்ஓ லிங்கர் என்று ஒரு சாக்கெட் அமைப்பு இருக்கிறது. பெயரைப் பார்த்து மகன் அதில் போய் விழக்கூடும். நான் விழுந்தேன், இரண்டு இரவு போச்சு. நீங்கள் அனுப்பவேண்டிய தரவு பாக்கி இருந்தால் குளோஸ் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதுதான் அதன் வேலை. உங்களுக்கு வந்து குவிந்ததைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. அதில் பூஜ்யம் வைத்தால் இன்னும் மோசம், எப்போதும் ரீசெட்தான் போகும்.

என்னைக் கேட்டால், இதையெல்லாம் நிரலில் எழுதாமல், நிரலுக்கு முன்னால் என்ஜின்எக்ஸை வைப்பேன். லிங்கரிங் குளோஸ் அதில் ஏற்கெனவே இயங்கும். எச்டிடிபிஎஸ் வேலையையும் அதனிடமே விட்டுவிடலாம். ஒன்று கவனியுங்கள்: அதன் இயல்பான உச்சவரம்பு 1 எம்பி. மாற்றாவிட்டால் 2 எம்பி படத்துக்கே 413 வரும். 5 எம்பி என்ற வரம்பை அங்கேயே வையுங்கள், அந்தப் பிழைக்கு உங்கள் தமிழ், ஆங்கிலச் செய்தி உள்ள பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு நெருடல். குப்பையில் போடப்போகும் படத்துக்கும் அந்த அம்மாவின் டேட்டாதானே செலவாகிறது? பதில் வந்ததும் பிரவுசர் அனுப்புவதை நிறுத்திவிடும் என்று நம்பமுடியாது. 8 எம்பியை அனுப்பவிட்டு "பெரிது" என்பது நன்றாக இல்லை. அதனால் படத்தைத் தேர்ந்தெடுத்த உடனே, பக்கத்திலேயே ஜாவாஸ்கிரிப்ட்டில் அளவைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் அங்கேயே சுருக்கியும் விடலாம். சர்வர் சோதனையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சரியாகிவிட்டதா என்று எப்படித் தெரியும்? சர்வரில் டிசிபிடம்ப் (வந்துபோகும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓடவிட்டு, உங்கள் போனிலிருந்து பெரிய படம் ஒன்றை ஏற்றுங்கள். ஒவ்வொரு வரியிலும் பாக்கெட் வகையைச் சொல்லும் எழுத்துக் கொடிகள் சதுர அடைப்புக்குள் இருக்கும். இப்போது 413 போன அடுத்த நொடியே உங்கள் சர்வரிடமிருந்து ஆர் (ரீசெட்) எழுத்துள்ள வரி ஒன்று தெரியும். அதுதான் குற்றவாளி. திருத்திய பிறகு அதே இடத்தில் எஃப் (ஃபின்) இருக்கும். அதற்கப்புறமும் போனிலிருந்து தரவு வரிகள் வந்துகொண்டிருக்கும். கடைசியில் போனின் எஃப் வரும்.

மறுதொடக்கத்துக்கு வருவோம். என்ஜின்எக்ஸுக்கு டெர்ம் சிக்னல் (இயங்குதளம் அனுப்பும் நிறுத்த உத்தரவு) அனுப்பினால் உடனே நிற்கும்; குவிட் அனுப்பினால் கையிலிருக்கும் வேலையை முடித்துவிட்டு நிற்கும். பைத்தான் நிரல் டெர்ம் சிக்னலைத் தானாகப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அப்படியே செத்துவிடும். பிடித்து, புது இணைப்புகளை ஏற்கும் சாக்கெட்டை முதலில் மூடி, இருப்பவர்களை முடிக்கவிட்டு வெளியேறச் சொல்லுங்கள். சிஸ்டம்டி (லினக்ஸில் நிரல்களைத் தொடங்கி நிறுத்தும் மென்பொருள்) வழக்கமாக 90 வினாடி பொறுத்த பிறகே வலுக்கட்டாயமாக நிறுத்தும். 5 எம்பிக்குள் இருக்கும் படத்துக்கு அது தாராளம்.