பழைய வானுக்கு வெள்ளை லைட் போடலாமா? – கேள்வி-பதில்

பெரும்போக அறுவடை தொடங்கினால் வன்னி றோட்டில் இரவு ஓட்டம் கூடிவிடும். லைட் பற்றிய கடிதங்களும் கூடிவிடும். இந்த முறை எல்லாமே எல்.ஈ.டி பற்றியவை.

கேள்வி: என்னிடம் 30 வருசத்துக்கு மேல் பழைய டொல்பின் வான் இருக்கிறது. புதுக்குடியிருப்பிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கும் கட்டுநாயக்கா எயர்போட்டுக்கும் ஹயர் ஓடுகிறேன். இரவில் லைட் மஞ்சளாக மங்கிக் கிடக்கிறது. ஒட்டுசுட்டான் – மாங்குளம் றோட்டில் மாடு படுத்திருந்தால் மூக்குக்குக் கிட்டப் போனபிறகுதான் தெரிகிறது. கடையில் எல்.ஈ.டி பல்ப் சோடி 9,000 ரூபா, 100 வோட்ஸ், 20,000 லூமன் வெளிச்சம் என்கிறார்கள். போடலாமா? – வான் சாரதி, புதுக்குடியிருப்பு

பதில்: போடலாம். ஆனால் இன்றைக்கு வேண்டாம். அந்த 9,000 ரூபாவைப் பொக்கற்றிலேயே வைத்துக்கொண்டு, வயரிங்காரர் ஒருவரிடம் மல்டிமீற்றரோடு போங்கள்.

எனக்கும் இதே கதைதான் நடந்தது. என் வானும் டொல்பின்தான். பல்பை மாற்றினேன், பிறகு இன்னொரு பல்பை மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கிளிநொச்சியில் ஒரு வயதான வயரிங்காரர் எஞ்சினை ஓடவிட்டு, லைட்டைப் போட்டுக்கொண்டு பற்றரியில் மீற்றரை வைத்தார்: 13.8 வோல்ட். அப்புறம் பல்ப் ஹோல்டருக்குப் பின்னால் ஊசியைச் செருகினார்: 11.6. "தம்பி, உம்மட வெளிச்சம் வயருக்குள்ள நிக்குது" என்றார். ஹலஜன் பல்பில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் 30 சதவீதம் அளவுக்கு விழுந்துவிடும். எனக்கு வோல்ட் 16 சதவீதம் குறைந்திருந்தது. அதாவது பாதி வெளிச்சத்துக்குக் கிட்ட வயரிலேயே போயிருக்கிறது.

காரணம் பெரிய ரகசியம் இல்லை. இரண்டு 55 வோட் பல்பும் சேர்ந்து 9, 10 அம்பியர் இழுக்கும். பழைய வாகனங்களில் அந்தக் கரண்ட் முழுவதும் ஸ்ரேறிங்கில் இருக்கும் சுவிட்ச் வரை வந்துதான் திரும்ப முன்னுக்குப் போகிறது. சுவிட்சின் உள் முனை கறுத்துப்போயிருக்கும், எர்த் கம்பியின் நட்டு துருப்பிடித்திருக்கும். இதற்கு மருந்து றிலே, அதாவது சின்னக் கரண்டில் எழும்பிப் பெரிய கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச். 30 அம்பியர் றிலே இரண்டு, பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு பியூஸ், அங்கிருந்து லைட்டுக்கு நேரே தடித்த வயர். சுவிட்ச் இனி றிலேயை எழுப்பிவிட்டால் போதும், பாரம் சுமக்கத் தேவையில்லை. எர்த் முனையை உப்புத்தாளால் தேய்த்துப் புதிதாகப் பூட்டச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன 9,000க்குள் இது பெரும்பாலும் முடிந்துவிடும்.

அடுத்தது லைட்டின் உள்பக்கம். பகலில் முன்னால் குந்தியிருந்து ரோச் அடித்துப் பாருங்கள். பின்னுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிபோல் மின்னும் ரசம் கறுத்தோ உரிந்தோ இருந்தால் எந்தப் பல்பும் உதவாது. பாவித்த யப்பான் லைட்டாகப் பார்த்து மாற்றிவிடுங்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். யப்பானிலும் இடதுபக்க ஓட்டம்தான் என்பதால் வெளிச்சம் நமக்குச் சரியாக விழும்.

இவ்வளவும் செய்தபிறகும் எல்.ஈ.டிதான் வேண்டுமென்றால், சரி, இப்போது பேசலாம்.

பெட்டியில் எழுதியிருக்கும் 100 வோட்ஸை நம்ப வேண்டாம். நான் ஒரு கடையில் வாங்கிய "100 வோட்ஸ்" பல்பை மீற்றரில் பார்த்தேன்: 1.9 அம்பியர். பற்றரி வோல்டால் பெருக்கிப் பாருங்கள், 25 வோட்டுக்குக் கிட்ட வரும். நல்ல எல்.ஈ.டி சில்லு (சிப்) ஒரு வோட்டுக்கு 100 லூமன் தந்தாலும் 2,500தான், 20,000 எங்கிருந்து வந்தது? உங்கள் வானில் இருக்கும் எச்4 ஹலஜன் பல்புக்குச் சர்வதேச அளவு டிம்மில் 1,000 லூமன், ஹைபீமில் 1,650. ஒழுங்கான கரண்ட் போனால் அதுவே மாட்டைக் காட்டும்.

லூமனைவிடப் பெரிய விசயம் இடம். ஹலஜன் பல்பைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே நெல்மணி அளவில் இரண்டு சுருள் இருக்கும். டிம் சுருளுக்குக் கீழே ஒரு சின்னத் தகரக் கரண்டி. அந்தச் சுருள் இருக்கும் புள்ளியை வைத்துத்தான் லைட்டின் ரசத்தையே வளைத்திருக்கிறார்கள். எல்.ஈ.டியில் சுருள் கிடையாது, தகட்டின் இரண்டு பக்கத்திலும் சில்லுகள் ஒட்டியிருக்கும். தகடு தடிப்பாக இருந்தாலோ சில்லு பெரிய மஞ்சள் சதுரமாக இருந்தாலோ வெளிச்சம் அந்தப் புள்ளியிலிருந்து விலகிவிடும். உங்களுக்கு முன்னால் பத்தடிக்குப் பகல்போல் இருக்கும், எதிரே வருகிறவருக்கும் கண் கூசும். ஆனால் தூரத்தில் மாடு படுத்திருக்கும் இடத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. "நல்ல வெளிச்சம்" என்று சொல்கிற பலர் இந்தப் பத்தடியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

ஆகவே தகடு மெலிதானதாக, சில்லு சிறியதாக, டிம் பக்கத்துக்குக் கீழே அந்தக் கரண்டி உள்ளதாகப் பார்த்து எடுங்கள். மூன்று, நான்கு பக்கம் சில்லு வைத்தவை வேண்டாம். பூட்டும்போது சில்லுகள் இடமும் வலமும் பார்க்க வேண்டும், கரண்டி அடியில் இருக்க வேண்டும். நிறம் 6,000 கெல்வினுக்கு மேல் போனால் நீலம் அடிக்கும், தைமாதப் பனியிலும் கிரவல் புழுதியிலும் வெள்ளைச் சுவர்போல் நிற்கும். 4,300 கெல்வின் கிடைத்தால் அதை எடுங்கள். எல்.ஈ.டிக்குச் சூடு பின்பக்கம் என்பதால் சின்ன விசிறி இருக்கும். றப்பர் மூடியை வெட்டி எறிந்துவிட்டுப் பூட்டினால் நம் செம்மண் புழுதி அந்த விசிறியை ஒரு போகத்துக்குள் தின்றுவிடும். முன்பக்கம் சூடாகாததால் ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடிக்குள் நீராவி பிடித்தால் லேசில் காயாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய டொயோட்டாக்கள் பலவற்றில் லைட் சுவிட்ச் பொசிற்றிவ்வை வெட்டாது, நெகற்றிவ்வை வெட்டும். அப்படியான வண்டியில் சில எல்.ஈ.டி பல்புகள் டிம், ஹைபீம் மாறாமல் குழம்பும். கடைக்காரர் "பல்ப் பழுது" என்று மாற்றித் தருவார், அதுவும் அப்படியே நிற்கும். வாங்கும்போதே வண்டியில் செருகி இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

கடைசி வேலை மதில். எந்தப் பல்ப் என்றாலும் இதைச் செய்யாமல் றோட்டுக்கு வரக்கூடாது. சமதரையில், கோயில் மதிலோ பள்ளிக்கூட மதிலோ, 10 மீற்றர் தள்ளி வானை நிறுத்துங்கள். லைட்டின் நடு நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, மதிலில் அதே உயரத்தில் சோக்கால் ஒரு கோடு. அதற்கு 10 சென்ரிமீற்றர் கீழே இன்னொரு கோடு. டிம் போட்டால் வெளிச்சத்தின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். இடப்பக்கம் மட்டும் கொஞ்சம் மேலே ஏறலாம், அது றோட்டோரம் பார்ப்பதற்கு. விளிம்பே தெரியாமல் மதில் முழுக்க வெள்ளையடித்தால் அந்தப் பல்ப் உங்கள் லைட்டுக்குப் பொருந்தவில்லை, திருப்பிக் கொடுங்கள். கட்டுநாயக்கா ஹயருக்குப் பின்னால் சூட்கேஸ் ஏற்றினால் மூக்கு மேலே தூக்கும் என்பதால், பாரம் ஏற்றிய நிலையிலும் ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்று. 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்கு 17 மீற்றர் ஓடுகிறீர்கள். மாட்டைக் கண்டு, காலை பிறேக்கில் வைத்து, வான் நிற்க 45, 50 மீற்றர் போய்விடும். டிம்மின் எல்லையும் ஏறக்குறைய அவ்வளவுதான். முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் கறுத்த கட்டாக்காலி மாட்டுக்குக் கண்கூட மின்னாது.

கேள்வி: பழைய சீ.டி. 100 மோட்டார் சைக்கிளுக்கு எல்.ஈ.டி போட்டேன். மெதுவாக ஓடும்போது துடிக்கிறது, இரண்டு மாதத்தில் எரிந்தும் போனது. – மல்லாவி வாசகர்

பதில்: சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கிறதா? பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து, மிதித்து றேடியோ கேட்டவர்கள் நாம். வேகமாக மிதித்தால் பாட்டுத் தெளியும், களைத்தால் இழுக்கும். அந்த வகை மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குக் கரண்ட் பற்றரியிலிருந்து வருவதில்லை. எஞ்சினுக்குள் இருக்கும் சுருளிலிருந்து ஏ.சியாக, அதாவது திசை மாறி மாறி, நேரே வருகிறது. ஹலஜனுக்கு அது பரவாயில்லை, எல்.ஈ.டிக்குப் பற்றரியில் வருவதுபோல் ஒரே திசையில் ஓடும் டி.சி வேண்டும்.

சோதிப்பது சுலபம். எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போடுங்கள். ஹெட்லைட் எரியாமல், அக்சிலேற்றரை முறுக்கும்போது மட்டும் கூடிக் குறைந்தால் ஏ.சிதான். வயரிங்காரரிடம் டி.சிக்கு மாற்றித் தரச் சொல்லலாம், ஆனால் சுருள் தரும் கரண்ட் பற்றரி சார்ஜுக்கும் லைட்டுக்கும் காணுமா என்று அவர் பார்க்க வேண்டும். 35 வோட் பல்புக்குப் பதிலாக 10, 12 வோட் எல்.ஈ.டி என்றால் பெரும்பாலும் காணும். உண்மையில் எல்.ஈ.டியால் அதிக பலன் பெறுவது வானைவிட இந்த மாதிரி மோட்டார் சைக்கிள்தான். பழைய ஹொண்டா சாலி வைத்திருப்பவர்கள் மட்டும் அவசரப்பட வேண்டாம், பலது 6 வோல்ட். கடையில் கிடைக்கும் பல்புகளில் அநேகமானவை 9 வோல்டுக்குக் கீழே எரியாது.

கேள்வி: பாரிஸில் இருக்கும் மச்சான் என் காருக்கு எல்.ஈ.டி ஹெட்லைட் சோடி, கண்ணாடியோடு முழுதாக, அனுப்புகிறேன் என்கிறார். லண்டன் சித்தப்பா வெறும் பல்ப் அனுப்பலாம் என்கிறார். எதை எடுக்க? – பரந்தன் வாசகி

பதில்: மச்சானிடம் அன்பாக மறுத்துவிடுங்கள். பிரான்ஸில் வலதுபக்கம் ஓடுகிறார்கள். அந்த லைட்டின் ஏறிய விளிம்பு வலதுபக்கம் இருக்கும். நம் றோட்டில் அது நேரே எதிரில் வருகிறவரின் கண்ணுக்குள் போகும். கனடா, ஜேர்மனியும் அப்படித்தான்.

சித்தப்பாவின் பல்புக்கு அந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் அங்கேயே அதற்கு மதிப்பில்லை என்பதைக் கவனியுங்கள். ஹலஜனுக்கென்று செய்த லைட்டுக்குள் எல்.ஈ.டி பல்ப் போட்டிருந்தால் கார் ஆண்டுப் பரிசோதனையில் தேறாது என்று பிரித்தானியாவில் 2021 ஜனவரியில் விதி வந்தது. மிகப் பழைய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஜேர்மனியில் 2020இல் ஒஸ்ராம் கொம்பனியின் ஒரு எல்.ஈ.டி பல்புக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் எந்தெந்த மாடலில் போடலாம் என்ற பட்டியலோடு. சித்தப்பாவிடம் நல்ல கொம்பனி ஹலஜன் சோடி ஒன்று அனுப்பச் சொல்லுங்கள். பாரமும் இல்லை.

கேள்வி: ஒரு வருட உத்தரவாதம் என்று விற்ற பல்ப் மூன்றாம் மாதம் போய்விட்டது. கடைக்காரர் "தண்ணி போயிருக்கு" என்கிறார். பில் இல்லை. – வவுனியா

பதில்: பில் இல்லாமல் கஷ்டம்தான். உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் திகதியும் இருந்தால் அதோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977. அடுத்த முறை பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள், பல்பின் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: நெடுங்கேணிப் பக்கம் யானைத் தொல்லை. உழவு மிசினின் மேல் நீட்டு எல்.ஈ.டி லைட் பார் பூட்டலாமா? – விவசாயி

பதில்: வயலுக்குள் பூட்டி எரியுங்கள், உழவுக்கு அருமையான சாமான். றோட்டுக்கு ஏறும்போது அணைத்து, மூடி போட்டுவிடுங்கள். அதற்கு டிம் கிடையாது, எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவர் கண் இருண்டு மதகுக்குள் போவார். 2025 ஜனவரியில் பஸ், ஓட்டோக்களில் மேலதிகமாகப் பூட்டியவற்றைப் பொலிஸார் கழற்ற வைத்தது நினைவிருக்கும். அந்தத் தலையிடியும் உண்டு. யானை வெளிச்சத்துக்குப் பயந்து ஓடும் என்று நம்பிக் கிட்டப் போக வேண்டாம். தள்ளி நிறுத்துங்கள், அது தாண்டிப் போகட்டும்.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் உழவு மிசின் இழுக்கும் பெட்டியின் பின்னால் என்ன எரிகிறது? போன மாசியில் முறிகண்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு முன்னால் நெல்மூட்டை ஏற்றிய பெட்டி ஒன்று போனது. பின்னால் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. கடைசி மூட்டையில் சாய்ந்திருந்த பொடியனின் கைத்தொலைபேசி மின்னியபடியால்தான் கண்டேன். லைட் பாருக்கு வைத்திருக்கும் காசில் கால்வாசி போதும். தண்ணீர் போகாத சிவப்பு எல்.ஈ.டி லாம்பு இரண்டைப் பெட்டியின் இரண்டு மூலையிலும் பூட்டி, மிசினிலிருந்து கழற்றிப் பூட்டக்கூடிய பிளக்கோடு வயர் இழுங்கள். இரண்டும் சேர்ந்து அரை அம்பியர்கூட இழுக்காது, பற்றரிக்குத் தெரியவே தெரியாது. இங்கே ரசமும் இல்லை, புள்ளியும் இல்லை, யாருக்கும் கண் கூசவும் மாட்டாது. பற்றரி இல்லாத லாண்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மிசின்) என்றால் சைக்கிளுக்கு விற்கிற, சார்ஜ் பண்ணும் சிவப்பு லைட்டைக் கட்டிவிடுங்கள். அதோடு சிவப்பு ஒளிதெறி ஸ்ரிக்கரையும் பின் பலகையில் ஒட்டுங்கள். மூட்டையும் படங்கும் மறைக்காத இடமாகப் பார்த்து, பலகையின் கீழ்விளிம்போரம் ஒட்டினால் நல்லது.