சுளுக்கிய காலோடு மகளைக் கபடிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, பள்ளிக் கபடி அணியில் இருக்கிறாள். மூன்று வாரம் முன்பு பயிற்சியில் கணுக்கால் பிசகிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. 10 நாள் கட்டுப் போட்டிருந்தோம். இப்போது நடக்கிறாள், மாலையில் மட்டும் லேசாக வீங்குகிறது. அடுத்த வாரம் போட்டி. பி.டி. சார் அனுப்பச் சொல்கிறார். என் மாமியார், பெண் பிள்ளைக்குக் கபடியே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?
- ஒரு தாய், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: அடுத்த வாரப் போட்டிக்கு வேண்டாம். மாலையில் வீங்குகிற கால் இன்னும் ஆறவில்லை. அதற்காகக் கபடியையே நிறுத்தவும் தேவையில்லை. நன்றாக ஆறிய காலோடு அவள் தாராளமாக ஆடலாம்.

மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று நாள் கணக்குப் பார்க்காதீர்கள். லேசான சுளுக்கு இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். ஜவ்வு பாதி கிழிந்திருந்தால் ஆறு வாரத்துக்கு மேலும் ஆகலாம்.

இந்த வயதில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் எலும்பு முனையில் வளர்ச்சிக்கான குருத்தெலும்புப் பகுதி இருக்கும். பக்கத்தில் உள்ள ஜவ்வைவிட அது பலம் குறைந்தது. அதனால் பெரியவர்களுக்கு ஜவ்வு கிழிகிற மாதிரியான அடியில், பிள்ளைகளுக்கு அந்த இடம் அடிபடலாம். முதல் எக்ஸ்ரேயில் அது தெரியாமலும் போகலாம். கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பை விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பின் மேலேயே வலித்தால், எலும்பு மருத்துவரிடம் மறுபடி காட்டுங்கள். உங்கள் ஊரிலேயே அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது.

எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்க மட்டும் யாரிடமும் கூட்டிப் போகாதீர்கள். ஆறி வரும் ஜவ்வை அழுத்தி உருவினால் மறுபடி கிழியலாம்.

சரி, எப்போது அனுப்பலாம்? வலியும் வீக்கமும் முழுக்கப் போன பிறகு வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அடிபட்ட காலில் மட்டும் அரை நிமிடம் ஆடாமல் நிற்க வேண்டும். அந்த ஒரு காலிலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி 20 முறை இறக்க வேண்டும். பிறகு நொண்டியடித்து 10 முறை குதிக்கட்டும். நல்ல காலில் எவ்வளவு சுலபமாகச் செய்கிறாளோ, இதிலும் அப்படியே வர வேண்டும். அப்புறம் மெதுவோட்டம், அடுத்து வேக ஓட்டம், அதற்கடுத்து சட்டென்று திரும்புவது, பின்னால் பாய்வது. ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று நாள் இருக்கட்டும். மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ இருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். பிடிப்பதும் ரைடு போவதும் கடைசியில்தான். கபடியில் எதிரணி முதலில் பிடிப்பதே கணுக்காலைத்தானே!

கால் பலப்படட்டும் என்று சில்வர் பீச்சில் ஓடவிடுவார்கள். இப்போதைக்கு அது வேண்டாம். மணலில் கால் புதைந்து புரளும். கரைச் சரிவில் ஒரு பக்கமாகவே சாயும். சமதரையில், ஷூ போட்டு ஓடட்டும்.

போட்டிக்கு முன் வலி மாத்திரை கொடுத்து அனுப்புகிற வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வலி தெரியாமல் ஆடினால், கிழிவது கூடத் தெரியாது.

வலிக்கிறதா என்று அவளைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள். அணியில் இடம் போய்விடுமே என்ற பயம் அவளுக்கு. மாடிப்படி இறங்கும்போது அவள் காலைப் பாருங்கள். அணியில் இடம் அப்படியே இருக்கும் என்று பி.டி. சாரையே அவளிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அதுவரை மைதானத்துக்கு அவளும் போகட்டும். ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கட்டும்.