சரக்குக் கூலிதான் சம்பளத்துக்குத் தாய்: பாய்மரக் கப்பல் காலத்து வழக்குகள் பற்றிக் கேள்வி பதில்

சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டுக் கரையேறியவன் நான். ஓய்வுக்குப் பிறகு தொற்றிக்கொண்ட பழக்கம், இங்கிலாந்தின் பழைய கடல் வழக்குகளைத் தேடிப் படிப்பது. பெரும்பாலும் 1600களிலிருந்து 1820கள் வரை நடந்தவை. போன வாரம் பேச்சுவாக்கில் "கப்பல் மூழ்கினால் அந்தக் காலத்தில் மாலுமிக்குச் சம்பளம் கிடையாது" என்று சொல்லிவைத்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. என்னால் முடிந்த பதில்கள் இதோ.

அண்ணே, நிஜமாகவா? பத்து மாசம் உழைத்தவனுக்கு ஒரு காசுகூடக் கிடையாதா? (காரைக்காலிலிருந்து ஒரு தம்பி)

நிஜம்தான் தம்பி. 'சரக்குக் கூலிதான் சம்பளத்துக்குத் தாய்' என்பது ஆங்கிலக் கடல் சட்டத்தின் பழமொழி. சரக்கை உரிய துறைமுகத்தில் ஒப்படைத்தால்தான் வணிகர் கப்பல்காரருக்குக் கூலி தருவார். அந்தக் கூலி பிறந்தால்தான் மாலுமியின் சம்பளமும் பிறக்கும். வழியில் கப்பல் மூழ்கினாலோ எதிரி பிடித்துக்கொண்டாலோ, நீந்திக் கரை சேர்ந்தவன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரே ஒரு தளர்வு உண்டு. போகும் வழியில் ஒரு துறைமுகத்தில் சரக்கை இறக்கிக் கூலி வந்துவிட்டது, திரும்பும்போதுதான் கப்பல் போயிற்று என்றால், அந்தத் துறைமுகம் வரைக்குமான சம்பளத்தைக் கேட்கலாம். அதனால் பல வழக்குகளில் சண்டையே 'கடைசியாகச் சரக்கு இறங்கியது எங்கே' என்பதுதான்.

இதற்கு அவர்கள் சொன்ன நியாயம்: சம்பளம் எப்படியும் வரும் என்று தெரிந்தால் புயலில் மாலுமி கப்பலைக் காப்பாற்ற மெனக்கெட மாட்டான். அவன் உயிரும் அதே கப்பலில்தானே இருக்கிறது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை! இன்னொரு கொடுமையும் உண்டு. முதலாளி கப்பலுக்குக் காப்பீடு எடுக்கலாம், வணிகர் சரக்குக்கு எடுக்கலாம், மாலுமி மட்டும் தன் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது. பிரான்சில் 1681-இல் வந்த கடல் சட்டமும் இதையே சொன்னது.

1824-இல் 'நெப்டியூன்' வழக்கில் நீதிபதி ஸ்டோவெல் பிரபு, உடைந்த கப்பலின் பாகங்களை மாலுமிகள் மீட்டிருந்தால் அவற்றின் மதிப்பிலிருந்து சம்பளம் பெறலாம் என்றார். விதியை முழுசாகத் தூக்கியது 1854-ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம்.

சம்பளம் எவ்வளவு இருந்தது?

18-ஆம் நூற்றாண்டில் அமைதிக் காலமாக இருந்தால் சாதாரண மாலுமிக்கு மாதம் 25 ஷில்லிங்கை ஒட்டி. 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. போர் வந்தால் கடற்படை ஆட்களை வலுக்கட்டாயமாக இழுத்துப்போகும், ஆள் பஞ்சம் வரும், வணிகக் கப்பல் சம்பளம் இரண்டு மடங்குக்கு மேலும் ஏறும். கடற்படையிலோ தேர்ந்த மாலுமிக்கு 1653-இல் வைத்த 24 ஷில்லிங்கை 1797 வரை மாற்றவே இல்லை. கிட்டத்தட்ட 150 வருஷம்!

இதில் பிடித்தம் வேறு. 1696 முதல் கிரீனிச் மருத்துவமனைக்கு மாதம் 6 பென்ஸ், அதாவது அரை ஷில்லிங். அது கடற்படைக்காரர்களுக்கான இடம், ஆனால் வணிகக் கப்பல் மாலுமியும் கட்டியாக வேண்டும்.

சரக்கு கெட்டுப்போனால் மாலுமி சம்பளத்தில் பிடிப்பார்களாமே? (தூத்துக்குடி, கிளியரிங் ஏஜென்டிடம் வேலை பார்ப்பவர்)

நீங்கள் துறைமுகத்துக்காரர், உங்களுக்குச் சீக்கிரம் புரியும். பீப்பாய் ஒழுகியிருக்கிறது, துணிப் பொதி நனைந்திருக்கிறது. வணிகர் கப்பல்காரருக்குத் தர வேண்டிய கூலியில் நஷ்டத்தைக் கழிப்பார். கப்பல்காரர் அதைத் தன் பையிலிருந்து கொடுப்பாரா? மாலுமிகளின் தலையில் பங்கு போட்டு வைப்பார். "நீங்கள் சரியாக அடுக்கவில்லை, பம்பு அடிக்கவில்லை, உங்களில் எவனோ பீப்பாயில் ஓட்டை போட்டுக் குடித்திருக்கிறான்" என்பது வாதம்.

மாலுமிகளின் பதில் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். கப்பலே ஓட்டை, கிளம்பும்போதே பலகை இடுக்குகளை ஒழுங்காக அடைக்கவில்லை, நாங்கள் இரவும் பகலும் பம்பு அடித்தோம். இல்லையென்றால் புயல். எட்வர்ட் பார்லோ என்ற மாலுமி 1659-இல் கடலுக்குப் போனவர். தன் நாட்குறிப்பில் இந்தப் பிடித்தங்களைப் பற்றி வயிறெரிந்து எழுதியிருக்கிறார்.

அதனால்தான் கப்பல் கரை சேர்ந்ததும் கேப்டன் முதல் வேலையாக நோட்டரியிடம் ஓடுவார். 'இன்ன தேதியில் இன்ன இடத்தில் புயல், அலை மேல்தளத்தில் ஏறியது, சரக்கு நனைந்திருந்தால் எங்கள் குற்றமில்லை' என்று சத்தியப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வார். கூட இரண்டு மூன்று மாலுமிகளும் சாட்சி. இன்றைக்கும் 'நோட் ஆஃப் புரொடெஸ்ட்' என்று அதையேதான் செய்கிறோம். நானே எத்தனையோ தரம் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் பாதிப் புயல், கேப்டனின் பேனாவில் அடித்த புயல்.

ஏழை மாலுமி எந்த நீதிமன்றத்துக்குப் போக முடியும்? வக்கீல் செலவுக்கு என்ன செய்வான்?

இந்தக் கதையிலேயே மாலுமிக்குச் சாதகமான ஒரே பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

லண்டனில் கடல் வழக்குகளுக்கென்றே அட்மிரால்டி நீதிமன்றம் இருந்தது. செயின்ட் பால் பேராலயத்துக்குப் பக்கத்தில் 'டாக்டர்ஸ் காமன்ஸ்' என்ற வளாகத்தில் அதன் வக்கீல்கள் இருந்தார்கள். அங்கே வழக்கமான ஆங்கிலச் சட்டம் (அதைத்தான் பொதுச் சட்டம், 'காமன் லா' என்பார்கள்) இல்லை, ரோமானியச் சட்ட வழி. பொதுச் சட்ட நீதிபதிகளுக்கு இந்த நீதிமன்றத்தைக் கண்டாலே ஆகாது. கரையில் போட்ட ஒப்பந்தத்தை நீ எப்படி விசாரிக்கலாம் என்று 17-ஆம் நூற்றாண்டு முழுக்கத் தடை உத்தரவாகப் போட்டுத் தள்ளினார்கள். ஆனால் மாலுமி சம்பள வழக்கை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்தார்கள்.

காரணம் இரண்டு. பொதுச் சட்ட நீதிமன்றத்தில் ஆளாளுக்குத் தனித்தனியாக வழக்குப் போட வேண்டும், அட்மிரால்டியில் பத்துப் பேரும் சேர்ந்து ஒரே மனுவில் போடலாம். அடுத்தது, வழக்கு முதலாளி மேல் இல்லை, கப்பல் மேல்! முதலாளி யார், எந்த ஊரில் ஒளிந்திருக்கிறார் என்று தேட வேண்டாம். நீதிமன்றத்தின் ஆள் வந்து பிரதான பாய்மரத்தில் ஆணையை ஒட்டிவிட்டால் கப்பல் கைது. பணமோ ஜாமீனோ வராமல் நகர முடியாது.

லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தச் சாட்சி வாக்குமூலங்கள் இருக்கின்றன. சாட்சியின் பெயர், ஊர், தொழில், வயதோடுதான் ஒவ்வொன்றும் தொடங்கும். எழுதத் தெரியாதவர்கள் கையெழுத்துக்குப் பதில் ஏதாவது குறி போட்டிருப்பார்கள்.

அப்போ கேப்டனும் அங்கேயே கேட்கலாமா?

முடியாது. அவர் முதலாளியை நம்பி ஒப்பந்தம் போட்டவர், கப்பலை நம்பி இல்லை என்று தலைமை நீதிபதி ஹோல்ட் காலத்திலேயே, 1700-ஐ ஒட்டி, முடிவாகிவிட்டது. கேப்டன் பொதுச் சட்ட நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

சார், சட்டக் கல்லூரியில் கட்டர் எதிர் பவல் வழக்கை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். பின்னணி என்ன? (மதுரை, சட்ட மாணவி)

இரண்டு வரியில் முடிக்கிற வழக்கா அது, அம்மா! 1793 ஜூலை 31, ஜமைக்காவின் கிங்ஸ்டன். 'கவர்னர் பாரி' கப்பலின் கேப்டன் பவல், இரண்டாம் மேட்டாக (கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரி) சேர்ந்த கட்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறார். கப்பல் லிவர்பூல் சேர்ந்து பத்து நாளில் 30 கினி (ஒரு கினி 21 ஷில்லிங்) தருகிறேன், அதுவரை நீ வேலையைத் தொடர்ந்து செய்ய வேண்டும் என்று. ஆகஸ்ட் 2-இல் கப்பல் கிளம்பியது. கட்டர் செப்டம்பர் 20-இல் இறந்துபோனார். அக்டோபர் 9-இல் கப்பல் லிவர்பூல் வந்தது. பத்தொன்பது நாள்தான் பாக்கி.

அவர் மனைவி செய்த வேலைக்காவது கொடுங்கள் என்று வழக்குப் போட்டார். 1795-இல் தீர்ப்பு: ஒன்றும் கிடையாது. பயணத்தை முடித்தால்தான் பணம் என்பது ஒப்பந்தம், அவர் முடிக்கவில்லை.

பாடப்புத்தகத்தில் பலரும் தாண்டிப்போவது இதை: இரண்டாம் மேட்டின் வழக்கமான சம்பளம் மாதம் 4 பவுண்டு. அந்தப் பயணத்துக்கு எட்டு வாரம் ஆகும். அதாவது 8 பவுண்டு வேலைக்கு 31 பவுண்டு 10 ஷில்லிங் பேசியிருக்கிறார்கள். அதனால் நீதிபதிகள் இதை ஒரு பந்தயம் மாதிரிப் பார்த்தார்கள்: வந்தால் நாலு மடங்கு, வராவிட்டால் பூஜ்யம். கணக்குச் சரிதான். ஆனால் எனக்கு அந்தத் தீர்ப்பு இன்றும் கசக்கிறது. அதற்கும் பல நூற்றாண்டு முந்தைய, ஒரு பிரெஞ்சுத் தீவின் பெயரால் வழங்கும் ஒலெரோன் கடல் சட்டத்தில், நோயாளி மாலுமியைக் கரையில் தங்க வைத்து, விளக்குக் கொடுத்து, பார்த்துக்கொள்ள ஒரு ஆளையும் வைக்க வேண்டும், இறந்தால் சம்பளம் மனைவிக்கோ உறவினருக்கோ போக வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் கட்டரின் மனைவி எதிர்கொண்டது ஒலெரோனை இல்லை, அந்தச் சீட்டை.

ஸ்டில்க் எதிர் மைரிக் வழக்கும் இதே ரகம்தானே?

பக்கத்து வீடு. பால்டிக் பயணம், மாதம் 5 பவுண்டு, இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மாற்று ஆள் கிடைக்காததால் அவர்கள் சம்பளத்தை உங்களுக்கே பங்கு போட்டுத் தருகிறேன் என்றார் கேப்டன். ஊர் வந்ததும் கைவிரித்தார். 1809-இல் நீதிமன்றம் கேப்டன் பக்கம். ஏற்கெனவே செய்யக் கடமைப்பட்ட வேலைக்குத் தனிக் கூலி இல்லையாம்.

மாலுமிகள் தாங்களும் சரக்கு ஏற்றி வியாபாரம் செய்வார்களா?

செய்வார்கள். பழைய வழக்கப்படி ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் இடம் உண்டு, அதில் கூலி இல்லாமல் சொந்தச் சரக்கு ஏற்றலாம். பிற்பாடு அந்த இடம் சுருங்கிச் சுருங்கி மாலுமிக்கு ஒரு பெட்டியளவு ஆயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் கேப்டனுக்கு மட்டும் டன் கணக்கில் இருந்தது.

புயலில் சரக்கைக் கடலில் எறிந்தால் நஷ்டம் யாருக்கு?

எல்லாருக்கும். எறிந்தது யார் சரக்காக இருந்தாலும், தப்பித்த சரக்கும் கப்பலும் தத்தம் மதிப்புக்கு ஏற்றபடி பங்கு தர வேண்டும். வணிகர் சம்மதிக்காவிட்டாலும் கேப்டன் எறியலாம். ஆனால் கரையேறியதும் மாலுமிகளில் மூன்றில் ஒரு பங்கு பேர், உயிரையும் கப்பலையும் காக்கத்தான் எறிந்தோம் என்று வேத நூலில் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இதுவும் ஒலெரோன் சட்டம்தான்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் 'ஆன்மா விற்பவர்கள்' என்று யாரோ இருந்தார்களாமே?

ஆம்ஸ்டர்டாமில் வேலை தேடி வருபவனுக்குச் சத்திரக்காரர் கடனில் சாப்பாடு, படுக்கை, பெட்டி எல்லாம் கொடுப்பார். பதிலுக்கு 150 கில்டருக்கு (டச்சு நாணயம்) ஒரு கடன் சீட்டு. மாலுமி சம்பாதிக்கச் சம்பாதிக்கத்தான் கம்பெனி அந்தச் சீட்டுக்குப் பணம் தரும். மாதச் சம்பளம் பத்து கில்டர் சொச்சம், ஆக ஒரு வருஷத்துக்கு மேலான உழைப்பு கப்பல் ஏறும் முன்பே போயிற்று. ஆள் செத்தால் மீதிச் சீட்டு வெறும் காகிதம். அதனால் சத்திரக்காரர் அதைக் கையில் வைத்திருக்க முடியாமல் குறைந்த விலைக்குத் தள்ளிவிடுவார். டச்சில் சீட்டுக்கும் ஆன்மாவுக்கும் உள்ள சொற்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். சீட்டு விற்பவன் ஆன்மா விற்பவன் ஆனது அப்படித்தான்.

நம் பக்கத்துக் கப்பல்களில் எப்படி? (நாகூரிலிருந்து ஒரு பாய்)

அக்பர் காலத்து நூலான அயினி அக்பரியில் ஒரு சம்பளப் பட்டியலே இருக்கிறது பாய். வங்காளத்தின் சாத்காவ் துறைமுகத்தில் கப்பல் தலைவரான நகுதாவுக்கு 400 ரூபாய், வழிகாட்டும் முஅல்லிமுக்கு 200, மாலுமிகளை நடத்தும் தண்டேலுக்கு 120, கணக்கு எழுதும் கர்ரானிக்கு 50. குஜராத்தின் காம்பேயில் நகுதாவுக்கு 800. தோணி ஓட்டுபவரை நம் கரையில் 'தண்டல்' என்பதும், மலேசியத் தமிழர் குமாஸ்தாவைக் 'கிராணி' என்பதும் இதே கப்பல் சொற்கள்தான்.

ஆங்கிலக் கப்பல்களில் ஏறிய லஸ்கர்கள் எனும் ஆசிய மாலுமிகளின் கதை வேறு. அவர்களுக்குச் சம்பளம் நேராக வராது, அவர்களை மேய்க்கும் செராங் கை வழியாகத்தான். செராங் தன் பங்கை எடுத்தது போக மிச்சம்.

மாலுமிகள் சேர்ந்து போராடியதே இல்லையா?

ஆங்கிலத்தில் வேலைநிறுத்தத்துக்கு 'ஸ்ட்ரைக்' என்ற சொல்லே அவர்கள் தந்ததுதான். 1768-இல் சம்பளம் கேட்டு லண்டன் மாலுமிகள் கப்பல்களின் பாய்களை இறக்கிவைத்தார்கள். பாயை இறக்குவதற்கு அவர்கள் சொல் அது.

1775 ஆகஸ்டில் லிவர்பூலில் இன்னும் கடுமை. அமெரிக்கப் போரால் அடிமை வணிகம் தடுமாற, 30 ஷில்லிங் சம்பளத்தை 20 ஆக்கினார்கள் முதலாளிகள். 'டெர்பி' கப்பலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கட்டிய கயிறுகளையே அறுத்துப் போட்டார்கள். சிலரைச் சிறையில் அடைத்தார்கள். கூட்டம் விடுவித்தது. கடைசியில் கப்பல் பீரங்கியை இழுத்துவந்து வணிகர்கள் கூடும் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தையே சுட்டார்கள். மான்செஸ்டரிலிருந்து படை வந்த பிறகுதான் அடங்கியது.

உங்களுக்குச் சம்பளம் நின்றதுண்டா, ஐயா?

ஒரு தரம். மூன்று மாசம். கம்பெனி பெயர் வேண்டாம். ஒரு துறைமுகத்தில் நாங்கள் பதினெட்டுப் பேரும் சேர்ந்து ஒரே மனு போட்டோம், கப்பல் கைதானது. இப்போது பாய்மரம் ஏது? ஆணையை பிரிட்ஜ் (கப்பலை ஓட்டும் அறை) கண்ணாடியில் டேப் போட்டு ஒட்டினார்கள். இந்தியாவின் 2017 அட்மிரால்டி சட்டத்திலும் கப்பலை விற்ற பணத்தில் மாலுமி சம்பளத்துக்குத்தான் முதல் உரிமை. எங்களுக்கு அதுவரை போகவில்லை, பதினோராம் நாள் பணம் வந்துவிட்டது. அந்தக் காகிதத்தை நினைவாக எடுத்துவைக்கலாம் என்று போனேன். மாலுமிகளை மேய்க்கும் போசன் முந்திக்கொண்டார்.