ஞாயிறு இரவு எட்டு மணி: வினாடி வினா நடத்துவது பற்றிக் கேட்டவர்களுக்கு

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஞாயிறுதோறும் இரவு 8 மணிக்குப் பொது அறிவு விளையாட்டு நடக்கிறது. கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி, வேதாரண்யம் என்று டெல்டா முழுக்க ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் இப்போது சிங்கப்பூரிலும் துபாயிலும் வேலை பார்க்கிறவர்கள். கேள்வி போடுவது என் பொறுப்பு. தங்கள் தெருக் குழுவிலும் பள்ளி நண்பர்கள் குழுவிலும் இதைத் தொடங்க நினைக்கிறவர்கள் கேட்டதற்கெல்லாம் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நான் கேள்வி போட்டால் ஒன்று எல்லாரும் உடனே சொல்லிவிடுகிறார்கள், இல்லையென்றால் யாருமே வாய் திறப்பதில்லை. நீங்கள் எப்படித் தயார் செய்கிறீர்கள்?
*பள்ளி ஆசிரியை, மன்னார்குடி*

டீச்சர், உங்கள் கேள்விகள் "தெரியும், தெரியாது" என்ற இரண்டு கதவோடு நின்றுவிடுகின்றன என்று நினைக்கிறேன். "மேட்டூர் அணை கட்டி முடித்த ஆண்டு எது?" என்று கேட்டால் 1934 என்று தெரிந்தவர் சொல்வார். தெரியாதவர் என்ன செய்ய முடியும்? போனைக் கீழே வைத்துவிடுவார். தெரியாதவரும் யோசித்து வந்து சேர ஒரு வழி கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும். நான் கேள்வி எழுதும்போது பார்ப்பது இதை மட்டும்தான்.

அதே அணையை வைத்து, "ஜூன் 12 என்ற தேதியும் 120 என்ற எண்ணும் டெல்டாவில் எங்கே ஒன்றாகப் பேசப்படும்?" என்று கேட்டுப் பாருங்கள். குறுவைக்குத் தண்ணீர் எதிர்பார்த்துக் காத்திருந்த வீட்டில் பிறந்த யாருக்கும் அணை திறக்கும் வழக்கமான நாளும், அடியில் சொல்லும் முழு நீர்மட்டமும் நினைவுக்கு வந்துவிடும்.

இன்னொன்று சொல்கிறேன். "தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் பிறந்தது ஒரே ஊரில். எந்த ஊர்?" என்று ஒரு வாரம் கேட்டேன். வந்த பதிலில் பெரும்பாலானவை திருவையாறு. ஆராதனை நடக்கிற ஊர் அதுதானே, மனசு அங்கேதான் போகும். முதல் குறிப்பு கொடுத்தேன்: "இந்த ஊர்க் கோயிலையும் குளத்தையும் ஏக்கரில் சொல்லமாட்டார்கள், வேலியில் சொல்வார்கள்." கொரடாச்சேரிப் பக்கம் ஒரு விவசாயி, பேரன் போனில் விளையாடுகிறவர், அதுவரை மூன்று வாரமாக ஒரு பதில்கூட அனுப்பாதவர். அரை நிமிடத்தில் அவரிடமிருந்து குரல்பதிவு வந்தது. பின்னால் மாடு கத்துகிறது, யாரோ பாத்திரம் தேய்க்கிறார்கள். "கோயில் அஞ்சு வேலி, குளம் அஞ்சு வேலி, ஓடை அஞ்சு வேலி. திருவாரூரு. வேற எந்த ஊரு?" என்றார். கீர்த்தனை எதுவும் கேட்டதில்லையாம். ஒரு வேலி என்றால் 20 மா, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே என்பது அவர் காலுக்குத் தெரிந்த கணக்கு. அதைப் பிடித்துக்கொண்டு சங்கீத மும்மூர்த்திகளிடம் வந்து சேர்ந்துவிட்டார். அந்தக் குரல்பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை.

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு குறிப்பு முன்கூட்டியே எழுதி வையுங்கள். இரண்டும் வேறு வேறு ஆட்களுக்கு உதவுவதாக இருக்கட்டும். ஒன்று புத்தகம் படித்தவருக்கு, மற்றொன்று வயலில், கடையில், அடுப்படியில் இருப்பவருக்கு.

கூகுள் பார்த்துப் பதில் போடுகிறவர்களை எப்படித் தடுப்பது?
*கல்லூரி மாணவர், வலங்கைமான்*

தம்பி, காவல்காரராக மாறிவிடாதே. குழுவில் யாரையும் பெயர் சொல்லிக் குற்றம்சாட்டினால் அன்றோடு விளையாட்டு முடிந்தது. கேள்வியை மாற்றிப் பார். தேடுவதற்கு ஒரு பெயர்ச்சொல் கிடைக்காதபடி எழுது.

"தஞ்சாவூரில் புகழ்பெற்ற பொம்மை எது?" என்று கேட்டால் தேடலாம். "எதைக் கேட்டாலும் தலையாட்டுவேன், எதற்கும் சம்மதித்ததில்லை. தள்ளிவிட்டால் எழுந்து நிற்பேன், ஏன்?" என்று கேட்டால் தேட நேரமாகும், யோசிக்க நேரமாகாது. இது நம் பாட்டிமார் போட்ட விடுகதைதான். அந்த "ஏன்?"தான் இதில் எனக்குப் பிடித்த பகுதி. அடிப்பாகம் உருண்டையாகவும் கனமாகவும் இருப்பதால் சாயும்போது ஈர்ப்பு மையம் மேலே ஏறுகிறது, அது மறுபடி கீழே இறங்கப் பார்ப்பதால் பொம்மை நிமிர்ந்துவிடுகிறது. பொம்மைக்குப் பாதி மதிப்பெண், காரணத்துக்குப் பாதி.

எனக்கு 68 வயது. தமிழில் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் பத்துப் பேர் பதில் போட்டுவிடுகிறார்கள். விடை தெரிந்தும் தோற்கிறேன்.
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சீர்காழி*

ஐயா, குற்றம் விளையாட்டின் விதியில் இருக்கிறது. "முதலில் சொன்னவருக்கு மதிப்பெண்" என்பது ஒரே மேடையில் உட்கார்ந்து மணி அடிக்கும் போட்டிக்குப் பொருந்தும். கைப்பேசியில் பொருந்தாது. விரல் வேகம் மட்டுமல்ல, சிக்னலும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. கோடியக்கரையில் இருப்பவருக்குக் கேள்வி போய்ச் சேருவதற்குள் தஞ்சாவூர்க்காரர் பதில் போட்டிருப்பார்.

நாங்கள் செய்வது இப்படி: விடையைக் குழுவில் போடக் கூடாது, எனக்குத் தனியாக அனுப்ப வேண்டும். இரண்டு நிமிடம் நேரம். அதற்குள் சரியாகச் சொன்ன எல்லாருக்கும் முழு மதிப்பெண் உண்டு. குறிப்பு கொடுத்த பிறகு சொன்னால் பாதி. குரல்பதிவும் செல்லும். எழுத்துப் பிழைக்கு ஒன்றும் குறைப்பதில்லை. உங்கள் குழு நிர்வாகியிடம் இதைக் காட்டுங்கள்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்த முடியும், ஆனால் "திருத்தப்பட்டது" என்று ஓர் அடையாளம் விழும். திருத்திய பதிலை எடுத்துக்கொள்வதில்லை, புதிதாக அனுப்பச் சொல்கிறோம். அதிலிருந்து, பதிலைப் பிறகு மாற்றிவிட்டார்கள் என்ற பேச்சே எழுவதில்லை. டெலிகிராமில் வினாடி வினா வகை வாக்கெடுப்பு இருக்கிறது. நாம் தேர்வு செய்த பிறகுதான் சரியான விடையைக் காட்டும். பெரிய குழுவுக்கு அது வசதி.

இராமானுஜன் பிறந்த ஊர் கும்பகோணம் என்று போட்டேன், தவறு என்றீர்கள். கும்பகோணத்துக்காரனிடமே இப்படிச் சொல்லலாமா?
*துபாயில் பணி, சொந்த ஊர் கும்பகோணம்*

தம்பி, உங்கள் வருத்தம் புரிகிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர் வளர்ந்த வீட்டைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். ஆனால் பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கம் நமக்குத் தெரியாததா? 1887 டிசம்பர் 22 அன்று அவர் பிறந்தது தாயின் பெற்றோர் இருந்த ஈரோட்டில். படித்ததும் வளர்ந்ததும் கும்பகோணம். "பிறந்த ஊர்" என்று கேட்டதால் ஈரோடுதான் விடை. "எந்த ஊர்க்காரர்?" என்று கேட்டிருந்தால் முழு மதிப்பெண் உங்களுக்கு.

இந்த மாதிரி ஊரே நம்பும் தவறுகளைக் கேள்வியாக்குவது எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் போடுவதில்லை. அதற்கு மேல் போனால் ஆட்களை மடக்குவது போலாகிவிடும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பள்ளியிலேயே கேட்டிருப்போம். சாயங்காலம் பிராகாரத்தில் போய் நின்றால் நிழலிலேயே உட்காரலாம். இந்தியாவின் தேசிய விளையாட்டு ஹாக்கி என்று நானே ஒரு முறை மதிப்பெண் கொடுத்தேன். எந்த விளையாட்டும் அப்படி அறிவிக்கப்படவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு 2012இல் மத்திய அரசு பதில் சொல்லியிருக்கிறது. குழுவில் ஒரு பெண் அதை எடுத்துக்காட்டினாள். அந்தக் கேள்வியையே ரத்து செய்து, அவளுக்கு மட்டும் மதிப்பெண் கொடுத்தோம்.

காலத்தோடு மாறும் விடைகள் வேறு வகை. பழைய பொது அறிவுப் புத்தகத்தில் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டம். இப்போது 38. கடைசியாக, 2020இல் பிறந்தது எங்கள் மயிலாடுதுறை. கஜகஸ்தான் தலைநகரம் அஸ்தானா, 2019இல் நூர்சுல்தான், 2022இல் மறுபடி அஸ்தானா. சனிக்கோளின் துணைக்கோள்கள் 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 கூடி 274 ஆயின. இப்படிப்பட்ட கேள்வியில் "இன்றைய நிலவரப்படி" என்று எழுதி, போடுகிற அன்று காலையில் ஒரு தரம் சரிபார்த்துவிடுங்கள்.

எத்தனை கேள்வி, என்ன பரிசு?
*மளிகைக் கடை, திருத்துறைப்பூண்டி*

15 கேள்வி, முக்கால் மணி நேரம். எட்டு மணி என்றால் துபாயில் மாலை ஆறரை, சிங்கப்பூரில் இரவு பத்தரை. சிங்கப்பூர்க்காரர்கள் மறுநாள் வேலைக்குப் போக வேண்டும், அதனால் ஒன்பதுக்குள் முடித்தே தீருவேன். பணப் பரிசு வேண்டாம். ஜெயித்தவர் அடுத்த வாரத்தின் கடைசிக் கேள்வியைப் போடுவார். அந்த உரிமைக்காகத்தான் போட்டியே சூடாகிறது.

இருவர் சமமாக நின்றால்?
*தையற்கடை, ஆடுதுறை*

எண் ஒன்று கேளுங்கள், யார் நெருங்கி வருகிறார்களோ அவருக்கு. "மேட்டூர் அணை நிரம்பினால் எத்தனை டிஎம்சி?" என்று ஒரு முறை கேட்டேன். விடை 93.47. ஒருவர் 90 என்றார், மற்றவர் 95. பதினைந்து கேள்வியிலும் சமமாக வந்தவர்களைப் பிரித்தது இரண்டு டிஎம்சி.

எனக்குச் சமையல், கோலம் தவிர ஒன்றும் தெரியாது. மகன் உங்கள் குழுவில் இருக்கிறான், பார்த்தால் ஆசையாக இருக்கிறது. என்னால் முடியுமா அக்கா?
*இல்லத்தரசி, நாகப்பட்டினம்*

இன்றைக்கே சேருங்கள். சமையல் பொது அறிவு இல்லை என்று யார் சொன்னது?

போன மாதம் நான் போட்ட கேள்வி இது: "1010இல் பெரிய கோயில் கட்டி முடித்த கல்தச்சர்களின் சாப்பாட்டில் இவற்றில் எது இருந்திருக்க முடியாது? மிளகு, புளி, மிளகாய், எள்." வரலாறு படித்தவர்கள் எள்ளா, புளியா என்று குழம்பினார்கள். ஓர் அம்மா மட்டும் இப்படி எழுதினார்: "மிளகாய்னா மிளகு மாதிரி காரமான காய்தானே. அப்படின்னா மிளகுதான் மூத்தது, மிளகாய் பின்னால வந்தது." சொல்லைப் பிரித்தே விடைக்கு வந்துவிட்டார். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் அங்கே போனதே 1492இல், போர்ச்சுக்கீசியர் கப்பல் கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அதன் பிறகுதான் நம் அம்மிக்கு மிளகாய் வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அதே கண்டத்து வரவுதான்.

இட்லி மாவு ராத்திரியில் ஏன் பொங்குகிறது, மார்கழியில் ஏன் தாமதமாகிறது என்று கேட்டால் அறிவியல் பட்டதாரிகளே தடுமாறுவார்கள். மாவிலுள்ள நுண்ணுயிர்கள் விடும் கரியமில வாயு மாவைத் தூக்குகிறது, குளிரில் அவற்றின் வேகம் குறைகிறது. வெந்நீரில் மாவு கரைப்பவருக்கும் சட்டியைப் போர்வை சுற்றி வைப்பவருக்கும் இது எப்போதோ தெரியும். உங்களை எதிர்பார்க்கிறேன்.

வேலை வெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்கிறார் என் அறை நண்பர். என்ன சொல்லலாம்?
*கட்டுமானத் தொழிலாளி, சிங்கப்பூர்*

ஆங்கிலத்தில் இதற்கு ட்ரிவியா என்று பெயர். அதன் லத்தீன் வேருக்கு மூன்று வழி கூடும் இடம் என்று பொருள், நம் முச்சந்தி. முச்சந்தி டீக்கடை பெஞ்சில் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசலாம் அல்லவா? அங்கே உட்கார முடியாத தூரத்தில் இருக்கிறீர்கள், அதனால் ஞாயிறு இரவு இங்கே உட்காருகிறீர்கள். அவரையும் ஒரு வாரம் கூட்டி வாருங்கள்.

அக்கா, நான் பத்தாம் வகுப்பு. நானும் கேள்வி போட ஆசை. எங்கிருந்து எடுக்கலாம்?
*மாணவி, பொறையாறு*

பொறையாறா? பத்து நிமிடத்தில் சைக்கிளில் தரங்கம்பாடி போய்விடலாமே. அங்கே கடலோரம் நிற்கிற கோட்டையை டென்மார்க்காரர்கள் 1620இல் கட்டினார்கள். 1706இல் அங்கே கப்பலில் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடித்தார். 1845இல் டென்மார்க்காரர்கள் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். உலகப் பாடமே உன் வீட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. "தரங்கம்பாடிக் கோட்டையைக் கட்டியது யார்?" என்று மட்டும் கேட்காதே. நேரில் போய்ச் சுற்றிப் பார், உனக்கே ஆச்சரியமாகப் படுகிற ஒன்றை எடு. தெருப் பெயரோ, கல்லறைக் கல்லில் உள்ள எழுத்தோ, பீரங்கியின் வாய் பார்க்கும் திசையோ, எதுவாகவும் இருக்கட்டும். யோசித்தால் பிடிபடும்படி இரண்டு குறிப்பும் எழுது.

எழுதியதும் எனக்குத் தனியாக அனுப்பு. விடையோடு, அதை எங்கே பார்த்தாய் என்பதும் வேண்டும். வரும் ஞாயிறு ஏழாவது கேள்வியை உனக்காக ஒதுக்கி வைத்திருக்கிறேன்.