டிக்கின்சனின் சிறு கோடுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மதுரையில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். துணைப்பாடம் டிஜிட்டல் மீடியா. காலையில் கவிதை, மதியம் வீடியோ எடிட்டிங் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாமல் போகிறது. பாடத்தில் உள்ள அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சனின் கவிதைகளை இணையச் சுருக்கங்களை வைத்தே முடித்துவிட்டேன். எல்லாமே கன்டென்ட்தானே? முதுகலைக்கு எதை எடுத்தால் வேலை கிடைக்கும்? விடுதியில் இரவு கைப்பேசியில் எழுதுகிறேன், பிழையிருந்தால் மன்னிக்கவும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பிழை ஏதுமில்லை, அழகாகவே எழுதுகிறீர்கள். வேலையைப் பற்றி உங்கள் துறையில் படித்து வெளியேறிய அக்காமார்களிடம் கேளுங்கள். ஆனால், டிக்கின்சனைச் சுருக்கத்தில் முடித்துவிட்டேன் என்று எழுதக் கை கூசியிருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் இலக்கிய வகுப்பில் அமர்ந்த ஒருவர் கவிதையைக் கன்டென்ட் என்று அழைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

எண்பதுகளில் நான் படித்த கல்லூரியில் டிக்கின்சனின் கவிதைகள் சைக்ளோஸ்டைல் தாள்களில் எங்களுக்குக் கிடைத்தன. தலைப்பும் காற்புள்ளியுமாக ஒழுங்காக இருந்த அந்த வரிகளை நம்பி, அவர் மனம் அலையடங்கியது என்று நான்கு பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். நான் எழுதியது அத்தனையும் தவறு. 1886இல் அவர் இறந்த பிறகு, தாள்களை மடித்து அவரே நூலால் தைத்து வைத்திருந்த சுமார் 40 கட்டுகளும் உதிரித் தாள்களும் தங்கையின் கைக்கு வந்தன. ஏறக்குறைய 1,800 கவிதைகளில் அவர் வாழ்நாளில் அச்சேறியவை பத்து அளவில்தான். 1890இல் முதல் தொகுப்பைக் கொண்டுவந்த இருவர் தலைப்புகளைச் சூட்டி, இயைபுக்காகச் சில சொற்களை மாற்றி, மூச்சு தடுமாறுவதுபோல் வரிகளுக்கு நடுவே அவர் இட்டிருந்த சிறு கோடுகளைப் பெரும்பாலும் நீக்கிவிட்டுக் காற்புள்ளி போட்டார்கள். 1955இல் தாமஸ் ஜான்சனின் பதிப்பில் கோடுகள் திரும்பி வந்தன. அப்போதும், கையெழுத்தில் மேலே ஏறியும் கீழே சாய்ந்தும் நீண்டும் குறுகியும் இருந்தவை அச்சில் ஒரே அளவுக் கோடுகளாகவே நின்றன.

2013இல் ஹார்வர்ட் முன்னின்று திறந்த டிக்கின்சன் இணையக் காப்பகத்தில்தான் அந்தக் கையெழுத்தை முதன்முறையாகப் பார்த்தேன். சில சொற்களின் மேல் சிறு கூட்டல் குறி. பக்கத்தின் அடியில் அதே குறியுடன் மாற்றுச் சொற்கள். எதையும் அவர் அடித்துவிடவில்லை. நான் தேர்வில் எழுதிய அந்த அமைதி அங்கே எங்கும் இல்லை.

உங்கள் மதிய வகுப்பு காலை வகுப்பைத் தொடும் இடம் இதுதான். அப்படியொரு பக்கத்தை எக்ஸ்எம்எல்லில், அதாவது ஒவ்வொரு பகுதியும் என்னவென்று குறியிட்டுக் காட்டும் கணினி மொழியில், ஏற்ற உட்கார்ந்தால், இந்தச் சாய்கோடு என்ன குறி, வரியை அவர் உடைத்தாரா அல்லது தாள் முடிந்ததால் உடைந்ததா, மாற்றுச் சொற்களை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொன்றுக்கும் நீங்கள் விடை சொல்லியாக வேண்டும். கவிதையைத் திரும்பத் திரும்பப் படிக்காதவரால், மென்பொருள் எவ்வளவு கைவந்திருந்தாலும், அந்த விடைகளைச் சொல்ல முடியாது. 1890இல் நடந்ததையே அவர் திரையில் மறுபடியும் செய்வார்.

எனக்குக் கடிதம் எழுதிய அதே கைப்பேசியில் அந்தக் காப்பகத்தைக் கட்டணமில்லாமல் திறக்கலாம். ஒரே ஒரு பக்கத்தை, கோடுகள் சாயும் திசை உட்பட, கையால் பார்த்தெழுதி எனக்கு அனுப்புங்கள். முதுகலையைப் பற்றி அதன் பிறகு பேசுவோம்.